வாசிகசாலைச் சுவரில் குடை திருடும் குரங்கு வேண்டுமா?

ஒட்டுசுட்டான் வாசகி:
ஊரை விட்டுப் போன ஒருவர் எங்கள் வாசிகசாலையின் சிறுவர் பகுதிக்குக் கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார். புத்தகம் வாங்கலாம், சுவரிலும் படம் கீறலாம். சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா' (குடைக் கள்ளன்) என்ற சிங்களச் சிறுவர் கதையைச் சுவரில் கொண்டுவருவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். பாதிப் பேர் முகத்தைச் சுழித்தார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: வெத்தசிங்க சிறுவர் கதை எழுதி, படமும் கீறியவர். 1927ல் காலிக்குப் பக்கத்துக் கிந்தோட்டையில் பிறந்தவர். ஓவியம் முறையாகப் படித்தவர் இல்லை. லங்காதீப, ஜனதா என்ற சிங்களப் பத்திரிகைகளில் வேலை செய்தார். 1956ல் 'குட ஹொரா' புத்தகமாக வந்தது. அதற்குப் பிறகு 200க்கு மேல் சிறுவர் புத்தகங்கள். 2020 யூலையில் 92 வயதில் காலமானார்.

கதை இதுதான். குடையே கண்டிராத ஓர் ஊர். மழை வந்தால் சனம் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு ஓடும். கிரி மாமா ரவுணுக்குப் போய் முதல்முறையாகக் குடையைக் கண்டு ஒன்று வாங்குகிறார். திரும்பி வந்து கோப்பிக் கடைக்குள் போய் வருவதற்குள் ஒளித்துவைத்த குடையைக் காணவில்லை. திரும்ப வாங்குகிறார், அதுவும் களவு போகிறது. கடைசியில் குடை மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். சிந்திக் கிடந்த துண்டுகளின் பின்னால் போனால், காட்டு மரத்தில் அத்தனை குடையும் தொங்குகிறது. கள்ளன் ஒரு குரங்கு! குடைகளை எடுத்துக்கொண்டு, குரங்குக்கு ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். அப்புறம் ஊரிலேயே குடைக்கடை போடுகிறார்.

பரந்தன் சந்தி:
அக்கா, அந்த அம்மாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல கதை. ஆனால் 2009க்குப் பிறகு வன்னிக்குள் வந்த பலகையும் வளைவும் நினைவுத்தூணும் எங்களைக் கேட்டா வந்தன? சனம் தானாகச் சேர்ந்து கட்டிய ஒரு சுவராவது எங்கள் முகத்தோடு இருக்கட்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு இருக்கிறது, கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டு இருக்கிறது. கூழ்ப் பானையையும் வெருளியையும் கீறுங்கள். பிள்ளை பார்த்தவுடன் பாடும்.

மாங்குளத்துத் தோட்டம்:
குரங்குக்கு ஒரு குடையை விட்டுவிட்டு வந்தாராமா? அந்த மாமாவை ஒரு கிழமைக்கு என் காணிக்கு அனுப்புங்கள். சோளம் முற்ற விடுவதில்லை, தேங்காயைக் குரும்பையிலேயே பிடுங்கி எறிகிறது, போன முறை கூரை ஓடுகளையும் கழற்றிப்போட்டது. வெடி கொளுத்திக் கொளுத்திக் கை ஓய்ந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் குரங்கு பகிடி இல்லை. வெருளிக்கும் இது பயப்படாது தம்பி பரந்தன், அதன் தலையில் ஏறி இருக்கும்.

ஒட்டுசுட்டான் வாசகி:
அண்ணை, அதனால்தான் இந்தக் கதை இங்கே எடுபடும் என்கிறேன். காகமும் வடையும் எத்தனை தரம் சொல்வது? முன்பள்ளியில் நான் இதைச் சொன்னபோது ஒரு பொடியன் எழும்பி, "ரீச்சர், குரங்கு ஏன் குடையைப் பிய்க்காமல் வச்சிருந்தது?" என்று கேட்டான். உங்கள் காணிக்குப் பக்கத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

நாலாம் கட்டை அப்பா:
எல்லாரும் சுவரைப் பற்றியே கதைக்கிறீர்கள். என் மகள் அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை எழுதுகிறாள். வாசிகசாலையில் ஒரு கடந்தகால வினாத்தாள் தொகுப்பு இல்லை, ரவுணுக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. அந்தக் காசில் அதை வாங்கினால் பத்துப் பிள்ளையாவது பாஸ் பண்ணும். குரங்குப் படத்தால் வெட்டுப்புள்ளி கூடுமா?

வவுனியாத் தூரிகை:
நான் சித்திரப் பாடம் படிப்பிக்கிறவன், அதனால் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கதையைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், அவர் கீறிய கோடுகளை ஒருவரும் பார்க்கவில்லை.

எங்கள் வகுப்பில் "கிராமம் கீறு" என்றால் நாற்பது பிள்ளையும் ஒரே படத்தைத்தான் கீறும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, கூரை வீடு. முல்லைத்தீவில் எங்கே மலை? கிளிநொச்சியில் மலைக்கு எங்கே போவது? கொப்பி மட்டையில் பார்த்ததைக் கீறுகிறார்கள். இரணைமடுக் கட்டில் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போகிற பிள்ளை குளத்தைக் கீறுவதில்லை.

வெத்தசிங்கவின் படத்தை எடுத்துப் பாருங்கள். நிழல் விழுத்துவதில் அவருக்கு அக்கறை இல்லை. கோடு, தட்டையான நிறம், அவ்வளவுதான். ஆனால் ஒரு சாரத்தில் கோடு, அடுத்ததில் புள்ளி, இன்னொன்றில் பூ. பெண்ணின் கொண்டை, கடையின் பலகை, மண் சுவர் எல்லாம் ஓர் ஊரைப் பார்த்த கண்ணால் வந்தவை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, "சரி, உன்னுடைய ஊரில் மழைக்கு எதைத் தலையில் போடுவீர்கள்?" என்று கேட்டால் வாழையிலை வராது. யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளிக் கொங்காணி போடுகிறோமே, அது வரும். பையின் எழுத்து முதுகில் தலைகீழாக இருக்கும். நூறு சீனரியை விட அந்த ஒரு படம் போதும் எனக்கு.

பரந்தன் சந்தி:
சேர், நீங்கள் சொல்வது எனக்குச் சாதகமாகவல்லவா போகிறது? அப்படியென்றால் யூரியாப் பையையே கீறுவோம். கிந்தோட்டையை ஏன் இடையில் கொண்டுவர வேண்டும்? எங்களைப் பார்த்து அவர்கள் ஒரு சுவர் கீறியிருக்கிறார்களா?

குளக்கட்டு:
பரந்தன் அண்ணை, நான் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்கு ஏழு வயது. வீட்டைப் பற்றி எனக்கு இப்போது நினைவிருப்பது கிணற்றுக் கட்டும் ஒரு முருங்கையும்தான். வெத்தசிங்க ஆறு வயதில் கிந்தோட்டையை விட்டுக் கொழும்புக்குப் போனவர். அவர் போனதற்கும் நாங்கள் போனதற்கும் காரணம் வேறு, ஒன்றாக்கவில்லை. ஆனால் ஆறு வயது வரைக்கும் கண்ட ஊரை அந்த மனுசி வாழ்நாள் முழுக்கக் கீறியிருக்கிறார். அந்தச் சிறுபராயத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். சிங்களமா தமிழா என்பதை நான் பார்க்கவில்லை, இதைத்தான் பார்த்தேன்.

நவாலியும் யாழ்ப்பாணம்தான், வன்னி இல்லை, அண்ணை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரந்தன் சந்தி:
நவாலியையும் கிந்தோட்டையையும் ஒரே தராசில் வைக்காதே தம்பி. புலவரின் பாட்டு எங்கள் அம்மம்மா வாயிலிருந்து வந்தது.

நாலாம் கட்டை அப்பா:
என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் வாசகி:
சொல்கிறேன் அண்ணை. வினாத்தாள் தொகுப்பும் வாங்குவோம், அதற்குப் பெரிய காசு போகாது. ஆனால் ஒன்று தெரியுமா? 2020ல் அவருடைய 'வொண்டர் கிறிஸ்டல்' கின்னஸில் ஏறியது. ஒரே கதைக்கு 1,250 வேறு வேறு முடிவுகள், எல்லாம் பிள்ளைகள் எழுதியவை. உங்கள் மகளிடம் குட ஹொராவைப் பாதியில் நிறுத்தி மிச்சத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் கட்டுரையும் எழுத வேண்டும்தானே.

நாலாம் கட்டை அப்பா:
எழுதினாள். குரங்கைப் பொலிஸ் பிடித்ததாம், கிரி மாமா கிராம சேவகரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு போய்க் குடையை மீட்டாராம். எழுத்துப்பிழை நாலு. சரி, அது பரவாயில்லை. ஆனால் வினாத்தாளை மறக்க வேண்டாம்.

மாங்குளத்துத் தோட்டம்:
இந்தப் பிள்ளைக்கு நிர்வாகம் விளங்குகிறது. என் குரங்கு விசயத்தையும் அவளிடமே விடலாம் போல.

வவுனியாத் தூரிகை:
ஒரு முக்கிய விசயம். வெத்தசிங்கவின் படங்களை அப்படியே பார்த்துச் சுவரில் கீறக்கூடாது. உரிமை இருக்கிறது, பதிப்பகத்தில் கேட்க வேண்டும். அது இழுபடும். அதனால் நான் சொல்வது: புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வையுங்கள், கதையைச் சொல்லுங்கள், சுவரைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். குளம், பனை, கொங்காணி, அவர்கள் கண்ட குரங்கு, எது வந்தாலும் வரட்டும். பெரியவர்கள் திருத்தக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

பரந்தன் சந்தி:
சுவர் பிள்ளைகளுடையது என்றால் எனக்குப் பேச்சில்லை. அலுமாரியில் அந்த அம்மாவின் புத்தகத்துக்குப் பக்கத்தில் புலவரும் இருக்க வேண்டும். புலவரை நான் வாங்கித் தருகிறேன், காசு வேண்டாம்.

ஒட்டுசுட்டான் வாசகி:
நன்றி தம்பி. மற்றப் பாதிப் பேரிடம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். கார்த்திகைக்குள் கீறி முடிக்கலாமா சேர்?

வவுனியாத் தூரிகை:
கார்த்திகையில் மாரி அடித்து ஊற்றும், ஈரச் சுவரில் பெயின்ட் பொருக்கெழும்பும். உள்சுவரை இப்போது தொடங்குங்கள். வெளிச்சுவருக்குத் தை கழியட்டும். முதலில் சுண்ணாம்பைச் சுரண்ட நாலு பேர் வேண்டும்.