அப்பா கனவில் மலையாளம் பேசினார்

கம்பம் மகள்:
அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கனவில் வந்தார். ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோர் வாசலில், சாக்கைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து "நீ பொய்க்கோ" என்றார். அதற்குள் நாலு மணி அலாரம் அடித்துவிட்டது. தோட்ட வேலைக்குப் போகும் ஜீப் வந்துவிடுமே என்று கையை நீட்டி அணைத்தேன். அந்த நொடியிலேயே அவர் முகம் போய்விட்டது, சட்டை நிறம் போய்விட்டது. வார்த்தை மட்டும் காதில் நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். "பொய் என்றா சொன்னார்?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம் அப்பா" என்று அவரிடம் சொன்னேன். இனிமேல் வீடு இல்லை என்று டாக்டர் அதற்கு முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

என்னோடு காய் எடுக்கும் சேச்சி, "மலையாளத்தில் அது பொய் இல்லை மோளே, நீ போகலாம் என்று அர்த்தம்" என்கிறார். ஆனால் அப்பா வீட்டில் ஒரு நாளும் மலையாளம் பேசியதில்லை. எதை எடுத்துக்கொள்வது? உங்களில் யாருக்காவது இறந்தவர்கள் வேறு பாஷையில் பேசியிருக்கிறார்களா?

செங்கோட்டை ரயிலடி:
பாஷை மாறி வந்ததில்லை தங்கச்சி. எனக்கு வந்தது அமுக்கான். இரவு வேலை முடிந்து பகலில் படுத்திருந்தேன். ரயில் வண்டியின் சத்தம் கேட்கிறது, அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தமும் கேட்கிறது. சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஈரமண் வாசனை. மனைவியைக் கூப்பிடுகிறேன், தொண்டையைத் தாண்டி எதுவும் வரவில்லை. பதினோரு வருஷம் ஆகியும் அந்த ஈரமண் வாசனையை மறக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலைக் கனவைச் சும்மா விடக்கூடாது. கடைசி யாமத்தில் கண்டது பத்து நாளில் பலிக்கும் என்று கனா நூலிலேயே இருக்கிறது. அவருக்கு ஏதோ குறை இருக்கிறது. வருகிற அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சொல்லுங்கள், காகத்துக்குச் சோறு வையுங்கள், அவருக்குப் பிடித்த பலகாரம் செய்து படையுங்கள், முடிந்தால் குடும்பத்தோடு குற்றாலத்தில் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய் வாருங்கள். தலைமாட்டில் ஓர் இரும்புச் சாவி இருக்கட்டும்.

வேலந்தாவளம் ஆசிரியர்:
ரயிலடி அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தகப்பனை இழந்த பெண்ணிடம் பத்து நாள் கெடு சொல்லலாமா? நான் அந்த பயத்தை அனுபவித்தவன். பல் ஒவ்வொன்றாகக் கழன்று உள்ளங்கையில் விழுவதாகக் கனவு கண்டேன். கடைசிப் பல்லில் சூடான ரத்தம் ஒட்டியிருந்தது. பங்காளி வீட்டில் சாவு விழும் என்று அத்தை சொன்னதைக் கேட்டு, மூன்று வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் நடுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

விடியற்காலைக் கனவு ஏன் பெரிதாகத் தெரிகிறது? தூக்கத்தில் கண் விழிகள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு. 1953இல் சிகாகோவில் கண்டறிந்து எழுதினார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்ப வரும். இரவு போகப் போக நீளும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வரும். அலாரம் அதன் நடுவில் அடித்தால் கனவு கையோடு வரும். உடம்பு அசையாதபடி தசைகள் தளர்ந்திருப்பதும் அப்போதுதான். அது விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால், அதுதான் அண்ணனின் அமுக்கான். நினைவைப் பதிய வைக்க உதவும் நார்அட்ரினலின் அந்த நேரத்தில் மூளையில் மிகவும் குறைந்திருக்கும். அதனால்தான் கை நீட்டுவதற்குள் முகம் போய்விட்டது.

அடுத்த முறை அப்பா வந்தால் உடனே எழாதீர்கள். படுத்த நிலையிலேயே, புரளாமல், கண்ணைத் திறக்காமல், கடைசியாகப் பார்த்ததிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறகு தலையணைக்கு அருகில் வைத்த நோட்டில் நான்கே சொல் எழுதுங்கள். அர்த்தத்தை அப்போது எழுத வேண்டாம். நிறம், இடம், யார், மனதில் என்ன இருந்தது, அவ்வளவு போதும். இரவு படுக்கும்போது "இன்று கனவை மறக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு படுத்தாலும் பலன் உண்டு. அர்த்தத்தை மாலையில் யோசியுங்கள். பஞ்சாங்கத்தின் கனவுப் பலனைப் பார்க்காதீர்கள், அந்தப் பட்டியலுக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது.

கூடலூர் பேரன்:
பாட்டி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து மலையேறி மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிறவர் அவர். பரிகாரம் சொன்ன தம்பிக்கு அவருடைய பதில்: கண்ணகியும் கனவு கண்டாள். கோவலன் தன் கையைப் பிடித்துப் பெரிய ஊருக்கு அழைத்துப் போவதாகவும், தேளைத் தூக்கி மேலே போடுவதுபோல ஊரார் பழி போடுவதாகவும் கண்டாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் முழுகிக் காமவேளை, அதாவது மன்மதனைத் தொழு என்றாள் தோழி தேவந்தி. அதற்குக் கண்ணகி "பீடன்று" (அது பெருமையல்ல) என்று ஒற்றை வார்த்தையில் மறுத்துவிட்டாள், சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கனவு பலித்ததே என்று நான் கேட்டேன். "பலிக்கட்டும், அதற்காக அவள் குளத்தைத் தேடி ஓடவில்லையே" என்கிறார் பாட்டி. தாத்தா இறந்த பிறகு இவர் கனவில் ஒருமுறைதான் வந்தாராம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாராம். எடுத்துக் கொடுப்பதற்குள் விழித்துவிட்டார். இன்னும் அதைச் சொல்லும்போது கட்டைவிரலைத் தேய்த்துக்கொள்கிறார்.

வண்டிப்பெரியாறு:
மகளே, உன் அப்பா மலையாளம் பேசவில்லை என்கிறாய். கேட்டிருப்பார் அல்லவா? நான் தோட்டத்தில் 26 வருஷம் இருந்தேன். சாயங்காலம் ஸ்டோர் வாசலில் பச்சைக் காயை எடை போட்டு, கணக்கில் எழுதியதும் சூப்பர்வைசர் ஒவ்வொருவரிடமும் சொல்வது அந்த வார்த்தைதான். அதைக் கேட்ட பிறகுதான் சாக்கை உதறுவோம், ஜீப்பில் ஏறுவோம். நீ சொன்ன இடமும் அதே வாசல்தான்.

கம்பம் மகள்:
இதைப் படித்துவிட்டு அப்பாவோடு வேலை பார்த்த மாமாவிடம் கேட்டேன். அவர்கள் தோட்டத்திலும் அப்படித்தானாம். கடைசியாக எடை போடுவது எப்போதும் அப்பாவுடைய சாக்கைத்தானாம், மற்றவர்களை முன்னால் விட்டுவிடுவாராம். எனக்கு இது தெரியாது.

ரயிலடி அண்ணன் கோபிக்க வேண்டாம், அமாவாசைக்குச் சோறு வைக்கிறேன், குறை என்பதற்காக அல்ல. வெள்ளிக்கிழமை விஷயத்தை நேற்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்படித்தான் சொன்னார், வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன், அரிசி ஊறப்போடு என்று" என்றார்.