யூஎஸ்பி டிஸ்க்கை எங்கே செருகினாலும் அதே பெயரில் வர வைப்பது

நான்கு ஊர்க்காரர்களின் குறிப்புகள் இவை.

ஹட்டன், தோட்ட அலுவலகக் கணினிகள்:
செக்ரோல் எனும் தொழிலாளர் சம்பளக் கணக்கை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கும் பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் கோப்பு) பெரும்பாலும் ‘ஈ’ டிரைவை நம்பியே எழுதப்பட்டிருக்கும். யாராவது முந்திக்கொண்டு ஒரு பென் டிரைவைச் செருகினால் அதுதான் ‘ஈ’, டிஸ்க் ‘எஃப்’ ஆகிவிடும். சம்பளக் கணக்கு முழுவதும் அந்தப் பென் டிரைவில் ஏறி வெளியே போகும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் இதில் மிக மோசம்.

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். டிஸ்க்கின் பகுதியில் வலது கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ போய் ‘ஆர்’ என்ற எழுத்தைக் கொடுங்கள். விண்டோஸ் தானாக எழுத்துக் கொடுக்கும்போது முன்னாலிருந்துதான் காலியானதைத் தேடும், அதனால் பின்வரிசை எழுத்துகள் தப்பும். ‘இசட்’ வேண்டாம், நெட்வொர்க் டிரைவுக்கு அதைத்தான் முதலில் காட்டும்.

இதோடு விடாதீர்கள். டிஸ்க்கில் ஓர் அடையாளக் கோப்பு வையுங்கள். அது இல்லையென்றால் பேட்ச் முதல் வரியிலேயே நின்றுவிட வேண்டும்.

பண்டாரவளை, ஸ்டூடியோ:
ஹட்டன் அண்ணா சொன்ன டிரைவ் எழுத்து அந்த ஒரு கணினியின் ரெஜிஸ்ட்ரியில்தான் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) பதிகிறது. அடுத்த கணினியில் மறுபடி கொடுக்க வேண்டும். மலிவான பென் டிரைவ் சிலவற்றில் சீரியல் இலக்கமே கிடையாது. அவற்றை விண்டோஸ் செருகும் போர்ட்டை வைத்தே அடையாளம் காணும். போர்ட் மாறினால் புதுச் சாதனம், புது எழுத்து. டிவைஸ் மேனேஜரில் ‘டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்’ பாருங்கள். கடைசிப் பகுதியின் இரண்டாவது குறி & என்றால் சீரியல் இல்லை. காப்பு நகலுக்கு அந்தப் பென் டிரைவை எடுக்காதீர்கள்.

பல துளை உள்ள கார்ட் ரீடர், கார்ட் போடாவிட்டாலும் துளைக்கு ஒன்றாக எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும்.

தலவாக்கலை, பாடசாலை ஆய்வுகூடம், லினக்ஸ்:
ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் கரண்ட் போய் வந்தால், லினக்ஸ் நேற்று எஸ்டிபி (sdb) என்று பெயர் கொடுத்த டிஸ்க் இன்று எஸ்டிசி (sdc). கண்டுபிடிக்கப்படும் வரிசையில்தான் இந்தப் பெயர் கிடைக்கிறது. எந்த டிஸ்க்கை எந்தக் கோப்புறையில் இணைப்பது (மவுண்ட் செய்வது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அதை எழுதாதீர்கள். பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடியை (UUID, டிஸ்க் பகுதியின் தனி அடையாளக் குறியீடு) எழுதுங்கள். கூடவே, டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ (nofail) அவசியம். இல்லையென்றால் டிஸ்க் செருகாத நாளில் வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும், பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நோஃபெயில் போட்டதும் வேறொரு ஆபத்து வரும். டிஸ்க் மவுண்ட் ஆகாதபோதும் கோப்புறை இருக்கும். ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே எழுதி உள் டிஸ்க்கை நிரப்பிவிடும். நகலெடுக்கும் முன் ‘மவுண்ட்பொயின்ட்’ (mountpoint) கட்டளையால் சோதிக்க வைத்தால் போதும்.

பதுளை:
யூயூஐடிக்குப் பதிலாக லேபிளை (டிஸ்க்குக்கு நாமே வைக்கும் பெயரை) வைத்து மவுண்ட் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் எல்லா டிஸ்க்குக்கும் ‘பேக்கப்’ என்றே பெயர் வைத்தால் பயனில்லை. எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபோர்மட் செய்த டிஸ்க்கில் லேபிளுக்கு 11 எழுத்துதான் இடம், அதனால் தோட்டத்தின் சுருக்கப் பெயரும் வருடமும் போடுங்கள். ஃபோர்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும். டிடி (dd) கட்டளையால் முழு டிஸ்க்கையும் படியெடுத்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. அந்த இரண்டையும் ஒரே கணினியில் சேர்த்துச் செருகாதீர்கள்.