பக்கவாதம், தலைக்காயம்: கோவைக்கு அனுப்பும் முன் என்ன செய்யணும்?

கோபி_டியூட்டி:
சின்ன கேஷுவாலிட்டிங்க. சி.டி. ஸ்கேன் இருக்குது, நியூராலஜிஸ்ட் (மூளை நரம்பு டாக்டர்) இல்லை. வாய் கோணி, கை கால் விழுந்து வர்றவங்களுக்கு இங்கேயே முடிக்க வேண்டியது என்ன? பி.பி. 200/110 இருந்தா இறக்கிட்டுத்தான் அனுப்பணுமா? தலைக்காயம்னாலே மூளை வீக்கத்தைக் குறைக்கிற மேனிட்டால் பாட்டில் தொங்குது, அது சரியா?

பவானிக்கரை:
முதல்ல குளுக்கோமீட்டர். சர்க்கரை 50க்குக் கீழே போனாலும் கை விழும், வாய் குழறும்.

அடுத்து நேரம். "எப்ப ஆச்சு?"ன்னு கேட்டா "காலையில எந்திரிச்சப்ப"ன்னுதான் சொல்லுவாங்க. நமக்கு வேணும்கிறது கடைசியா நல்லா இருந்த நேரம். ராத்திரி மும்முனை கரண்ட் வந்தப்ப மோட்டார் போட எந்திரிச்சாரா, 4 மணிக்குப் பால் கறந்தாரான்னு கேளுங்க. "ராத்திரி 10 மணி"ங்கிறது "காலை 4 மணி"ன்னு மாறிடும், அடைப்பு கரைக்கிற ஊசிக்கான 4.5 மணி நேரக் கெடுவுக்குள்ள ஆள் வந்துடுவாரு. நடுவுல நாட்டு வைத்தியம்னு புறா ரத்தம் தேய்க்கப் போன நேரத்தை யாரும் தானாச் சொல்ல மாட்டாங்க.

சி.டி. பார்க்குறதுக்கு முன்னாடி ஆஸ்பிரின் கிடையாது. விழுங்கறது சரியா இருக்கான்னு பார்க்காம வாயில ஒரு மடக்குத் தண்ணி கூட வேண்டாம்.

ஈரோடு_ஐசியூ:
பி.பி.யை இறக்க நாக்குக்கு அடியில நிஃபெடிபின் வேண்டவே வேண்டாங்க. பி.பி. சடக்குன்னு இறங்குனா, தப்பிக்க வேண்டிய மூளைக்கும் ரத்தம் போகாது. சி.டி.யில ரத்தக் கசிவு இல்லை, அடைப்பு கரைக்கிற ஊசியும் போடலைன்னா 220/120 வரைக்கும் விட்டுடுங்க. அந்த ஊசி போடுறதா இருந்தா 185/110க்குக் கீழே கொண்டு வரணும்: பி.பி. மருந்து லேபெட்டலால் 10 மி.கி., நரம்புல மெதுவா.

அடைப்பு கரைக்கிற ஊசி ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 54 மி.கி.; 5.4 ஒரு நிமிஷத்துல, மிச்சம் 48.6 ஒரு மணி நேரத்துல. மருந்தைக் கலக்கும்போது குலுக்காதீங்க, நுரைக்கும், சுழற்றினாப் போதும். பாட்டில் காலியானதும் கழட்டிடுறாங்க, கடைசி மருந்து டியூப்லயே நின்னுடுது. அதே வேகத்துல நார்மல் சலைன் விட்டு அதையும் உள்ள தள்ளணும்.

கோபி_டியூட்டி:
எடை, உறவுக்காரங்க சொல்றதையே எடுத்துக்கலாமுங்களா?

ஈரோடு_ஐசியூ:
வேண்டாங்க. 10 கிலோ தப்பினா 9 மி.கி. தப்புது. ட்ராலியோட எடை மேடையில ஏத்தி, ட்ராலி எடையைக் கழிச்சுக்கோங்க.

தாராபுரம்_ட்ராமா:
மேனிட்டால் எல்லாருக்கும் இல்லை. ஒரு கண்ணோட பாப்பா விரியுது, ஜி.சி.எஸ். (நினைவு எவ்வளவு இருக்குன்னு போடுற மார்க்) மளமளன்னு இறங்குதுன்னாத்தான். 20% பாட்டில் 100 மி.லி.யில இருக்கிறது 20 கிராம்; கிலோவுக்கு 0.5 கிராம் வச்சாலும் 60 கிலோவுக்கு 150 மி.லி. வேணும். வழக்கத்துக்கு 100 மி.லி. தொங்கவிடுறது ரெண்டுங்கெட்டான் வேலை.

பி.பி. கம்மியா இருந்தா மேனிட்டாலைத் தொடாதீங்க, மூத்திரமாப் போயி இன்னும் இறங்கும். அதுக்குப் பதிலா 3% சலைன் (அடர்த்தியான உப்புத் தண்ணி) போதும். பெரியவங்களுக்கு மேல் பி.பி.யை 110க்குக் குறைய விடாதீங்க. அடிபட்டவருக்கு பி.பி. விழுந்தா தலையைக் குத்தம் சொல்லாம வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பைப் பாருங்க. கழுத்துப் பட்டை போட்டு, தலைமாட்டை 30 டிகிரி தூக்கி அனுப்புங்க.

மார்கழிக் குளிருக்கு மேனிட்டால் பாட்டில்ல கற்கண்டு மாதிரி படியும். சுடுதண்ணியில வச்சுக் கரைச்சு, ஆறவிட்டு, ஃபில்டர் செட்டுலதான் ஏத்தணும்.