ரப்பரை வெட்டி ரப்பரே வச்சா காடு அழிச்ச கணக்கா?

விளைக்காரன், திற்பரப்பு:
எனக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர் விளை, அதாவது தோட்டம். அப்பா 1993-ல வச்ச மரம். பால் வெட்டப் பட்டை தீர்ந்துபோன ஒண்ணேகால் ஏக்கரை 2022-ல தடிக்குக் கொடுத்துட்டு புதுக் கன்று வச்சேன். மீதி முக்கால் ஏக்கர்ல பால்வெட்டு நடக்குது. போன வாரம் ரப்பர் ஷீட் எடுக்கிற கடையில, "விளை இருக்கிற இடத்தைப் போன்ல பதிஞ்சு தரணும், ஐரோப்பாவுக்குப் போற சரக்குக்குக் கேக்காங்க. 2020-க்குப் பிறகு மரம் வெட்டின விளைன்னா சரக்கு போகாது"ன்னு சொன்னாங்க. ராத்திரி உறக்கமே இல்ல. சாட்டிலைட் படத்துல 2022-ல என் விளை மொட்டையாத்தானே தெரியும்? ஓடைக்கரையில நின்ன ரெண்டு அயினி மரத்தை மட்டும் நான் தொடல. தடிக்காரர் நல்ல விலைதான் சொன்னார். ஆனா அயினிச்சக்கை பழுக்கிற நேரம் ராத்திரி முழுக்க வவ்வால் சத்தம். காலையில மரத்தடி பூரா கொட்டை. அதை வெட்ட மனசு வரல.

சிதறால்மலை:
அண்ணாச்சி, பயப்படாதீங்க. அது ஐரோப்பிய ஒன்றியத்தோட 2023-ஆம் வருஷச் சட்டம். ரப்பர், காப்பி, கொக்கோ, சோயா, பாமாயில், மரம், மாடுன்னு ஏழு சரக்கு அதுல வருது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிச்ச நிலத்துல விளைஞ்சதை விக்கக்கூடாதுன்னு சொல்லுது. ரப்பர் தோட்டத்தை அந்தச் சட்டம் காடா எண்ணல, விவசாயத் தோட்டமாத்தான் எண்ணுது. ரப்பரை வெட்டி ரப்பர் வச்சா அது மறுநடவுதான். அமலாகிற தேதியை ரெண்டு தடவை தள்ளி வச்சாச்சு. கடைக்காரங்க இப்பவே விவரம் சேக்காங்க, அவ்வளவுதான். நாலு ஹெக்டேருக்கு மேல போகாத நிலத்துக்கு வரைபடத்துல ஒரே ஒரு புள்ளி போதும், அதோட அட்சரேகை, தீர்க்கரேகை எண்ல தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் வேணும். இப்போ ஷீட் வர்றது பால் வெட்டுற முக்கால் ஏக்கர்ல இருந்துதானே? அங்க நின்னே பதியுங்க. எல்லைக்கல் பக்கம் வேண்டாம், கொஞ்சம் பிசகினாலும் புள்ளி அடுத்த விளையில போய் விழும். நம்ம நாட்டுச் சட்டப்படியும் நிலம் சரியா இருக்கணும்னு கேப்பாங்க. பட்டாவும் தடி கொடுத்த ரசீதும் பத்திரமா இருக்கட்டும்.

காணிக்குடி, பேச்சிப்பாறை:
நிலம் சரியா இருக்கணும்னு சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு பதறுது. நாங்க காணிப் பழங்குடி. எங்க குடியில ரப்பரும் மிளகும் வச்சிருக்கோம், பட்டா கிடையாது. 2006 வன உரிமைச் சட்டப்படி மனு கொடுத்தும் எனக்கு இன்னும் உரிமைப் பத்திரம் வரல. எங்க அகத்தியமலையை 2016-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகப் பட்டியல்ல சேத்தாங்க. அந்த மலையை இத்தனை தலைமுறையா காத்த குடியோட ஷீட்டு, ஒரு காகிதம் இல்லாததால கடையிலேயே நின்னு போகணுமா?

விளைக்காரன், திற்பரப்பு:
சிதறால் தம்பி, வயித்துல பால் வார்த்தீங்க. நாளைக்குப் பால் எடுத்து முடிச்சதும் பதிஞ்சிடுவேன். காணிக்குடி அண்ணே, மனு கொடுத்தப்போ வன உரிமைக் குழுவுல எழுத்துல ரசீது தந்தாங்களா? கிராம சபைத் தீர்மானத்தோட நகல் கையில இருக்கா? இருந்தா சொல்லுங்க, சனிக்கிழமை நானும் கூட வாறேன்.