பாடகர் குழு பாடுகிறது, சபையார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

கேள்வி (கொயர் உறுப்பினர்):
எங்கள் சேகரத்தின் (திருச்சபை வட்டாரத்தின்) பாடகர் குழுவில் இருபது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். சென்ற ஆண்டிலிருந்து இளைஞர்களே பாடல் ஆராதனையை நடத்துகிறார்கள். வண்ண விளக்குகளுக்கும் சரணத்துக்குச் சரணம் நீளும் ஆலாபனைக்கும் நடுவே, நெஞ்சுருகிப் பாட வேண்டிய பாவ அறிக்கைப் பாடல்கூடக் கச்சேரியாகிவிடுகிறது. முடிந்ததும் கைதட்டல் வேறு. இதைச் சொன்னால், வேதாகமத்தில் தாவீது ராஜாவே கர்த்தருக்கு முன்பாக நடனமாடினாரே என்கிறார்கள். தாழ்மைக்கும் பகட்டுக்கும் இடையே எல்லையை எங்கே வகுப்பது?

பதில் 1 (ஆர்கன் வாசிப்பவர்):
தாவீதின் கதையை அவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், சகோதரரே. இரண்டாம் சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தில், சணல்நூல் ஏபோத்தோடு (ஆசாரியர் அணியும் எளிய மேலாடையோடு) அடிமைப் பெண்களின் கண்முன்னே ஆடியதற்காக அவர் மனைவி மீகாள் இகழ்ந்தபோது, இதைவிடவும் அற்பனாவேன் என்றுதான் அவர் மறுமொழி கூறினார். அந்த ஆட்டத்தால் ராஜாவின் மதிப்பு ஏறவில்லை, இறங்கியது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இல் சபைப் பாடலுக்கென்று ஏழு அறிவுரைகளை வெளியிட்டார். பாதி செத்தவர்போலவோ பாதி தூங்குகிறவர்போலவோ பாடாமல் ஊக்கத்தோடு பாடுங்கள் என்கிறது நான்காவது. சபையின் குரலுக்கு மேலாகத் தன் குரல் தனித்துக் கேட்கும்படி கத்தாதீர்கள் என்கிறது ஐந்தாவது. சத்தத்தை அவர் குறை கூறவில்லை, யாருடைய சத்தம் கேட்கிறது என்பதையே கவனித்தார். ஆகவே மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். நடத்துபவரின் தொண்டைக்கு ஏற்றபடி சுருதியை உயர்த்தியிருந்தால், அங்கே பெரியவர்கள் இரண்டாம் சரணத்திலேயே வாயை மூடிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு கட்டை இறக்கி, கடைசிச் சரணத்தில் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லுங்கள். சபை பாடுகிறதா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதும், புத்தகம் இல்லாதவரும் சேர்ந்துகொள்ள வழி செய்கிறது.

பதில் 2:
இளையவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு தேங்காய்க்குப் போட்டி போட்டு விலையேற்றி, எடுத்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் முழங்குகிறோமே, அது எந்தத் தாழ்மை? பத்து நிமிட ஜெபத்தில் அழகிய சொற்களை அடுக்கும் மூப்பர்களையும் நான் பார்த்திருக்கிறேன். விளக்கு இல்லை என்பதற்காக அது பகட்டு இல்லை என்றாகிவிடாது.

பதில் 3:
பாடுகிறவரைப் போலவே கேட்கிறவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பாடப்படும் சொற்களைவிடப் பாடும் குரலே தன்னை அசைத்தால் அது பாவம் என்று தம்மையே குற்றப்படுத்திக்கொள்கிறார் ஆதித் திருச்சபையின் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின். ஆனாலும், மனமாறிய புதிதில் ஆலயப் பாடல்களைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைத்து, பாட்டையே விலக்கிவிடும் அளவுக்கு அவர் போகவில்லை.

கேள்வி கேட்டவர்:
சுருதியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ஐயா. இரண்டாம் பதில் சுட்டது, ஏனெனில் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் நான் தனியாகப் பாடும் ஒரு சரணத்துக்காக மார்கழி முழுவதும் காத்திருந்தவன் நான். சனிக்கிழமை பயிற்சிக்குப் போய், கடைசிச் சரணத்தை வாத்தியமின்றிப் பாடலாமா என்று அந்தத் தம்பிகளிடம் கேட்கப்போகிறேன்.