ஒடேசால நான் பாத்த ஃபிலாத்தவ்: உங்களுக்கும் அவரோட ஏதாச்சும் அனுபவம் இருக்கா?

ஒடேசா ரிட்டர்ன்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இன்னைக்கு நைட் டியூட்டி கொஞ்சம் ஃப்ரீ. நான் 2016ல உக்ரைன்ல இருக்கற ஒடேசாவுக்கு மெடிசின் படிக்கப் போனவன். பாத்தேன்னு தலைப்புல போட்டுட்டேன், ஆனா ஃபிலாத்தவ்ங்கற அந்த உக்ரைன் விஞ்ஞானி, கண் டாக்டரு, 1956லயே செத்துட்டாரு, எங்கப்பாவே அப்ப பொறக்கல. நான் பாத்தது அவர் பண்ணிட்டுப் போன வேலையத்தான்.

ஒடேசால ஃப்ரெஞ்ச் புலிவார்னு ஒரு ரோடு, கடலோரமாவே போகும், பழைய கல்லு பதிச்ச ரோடு, கார் போனா கடகடன்னு பல்லு ஆடும். அதுலதான் ஃபிலாத்தவ் இன்ஸ்டிட்யூட்ங்கற கண் ஆஸ்பத்திரி இருக்கு. மொத வருஷம் ஒரு ஞாயித்துக்கிழம பீச்சுக்குப் போயிட்டுத் திரும்பறப்ப பாத்தா, வெளிய பெஞ்சு பூரா ஒத்தக் கண்ல கட்டு போட்டவங்க வரிசையா உக்காந்து சூரியகாந்தி விதைய கொறிச்சுட்டு இருக்காங்க. எனக்கு அப்ப ரஷ்யன் அரைகுறை. பக்கத்துல போய் உக்காந்த உடனே ஒரு பாட்டி கைநெறைய விதையக் குடுத்துட்டுப் பேச ஆரம்பிச்சிருச்சு. கட்டத் தொட்டுக் காட்டி "ரொகோவிட்சா, ரொகோவிட்சா"ங்குது. ஹாஸ்டல் வந்து டிக்‌ஷனரியப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, ரொகோவிட்சான்னா கார்னியா, நம்ம கருவிழி. அடுத்த வாரமும் அதே பாட்டி அங்க இருந்துச்சு, செத்தவங்க கண்ணான்னு நான் சைகைலயே கேட்டேன், ஆமான்னு தலையாட்டிட்டு, ஆம்பளக் கண்ணு போல, இப்பல்லாம் டிவில ஃபுட்பால் வந்தா என்னைய இழுத்துட்டுப் போவுதுன்னு சொல்லி ஒரே சிரிப்பு. (இந்த ஜோக்கு எனக்கு முழுசாப் புரிய ரெண்டாவது வருஷம் ஆச்சு.)

அப்புறம்தான் அவரப் பத்திப் படிச்சேன். 1875ல பொறந்தவரு, மாஸ்கோல படிச்சு 1903ல ஒடேசா வந்தாரு, 1911ல இருந்து அங்க கண் மருத்துவத் துறைக்குத் தலைவர். கருவிழிய மாத்தி வைக்கற ஐடியா அவரோடது இல்ல, அது எல்லாரும் தப்பா சொல்றது. 1905லயே எட்வார்ட் ட்ஸிர்ம்னு ஒரு டாக்டர் ஓல்மூட்ஸ்ல (இப்ப செக் நாட்டுல இருக்கற ஊரு) பண்ணி ஜெயிச்சுட்டாரு, சுண்ணாம்பு பட்டுக் கண்ணு போன ஒரு தொழிலாளிக்கு. ஆனா அந்தக் கருவிழி எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க, அடிபட்டு இனி தேறாதுன்னு எடுத்த ஒரு சின்னப் பையனோட கண்ல இருந்து. இதுதான் சிக்கலே. ஒருத்தருக்குப் பார்வை வேணும்னா இன்னொரு உயிரோட இருக்கறவரோட கண்ணு போகணும், அதுவும் கருவிழி மட்டும் நல்லா இருக்கற மாதிரி போகணும், இப்படி எத்தன கண்ணு கெடைக்கும்? ஃபிலாத்தவே 1912ல ஒரு ஆபரேஷன் பண்ணி அது மங்கிப் போச்சு.

அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சு அவரு புடிச்ச வழி, செத்தவங்க கண்ண எடுத்து ரெண்டுல இருந்து நாலு டிகிரி குளிர்ல வச்சு உபயோகிக்கறது. 1931 மே 6ல அப்படிப் பண்ணது வெற்றி. இப்பக் கேட்டா இவ்ளோதானான்னு தோணும், ஆனா கண்ணுக்குப் பஞ்சம்ங்கற பேச்சே அதோட மாறிருச்சு. இன்னொன்னு, தான் மட்டும் பண்ணி பேர் வாங்கணும்னு இல்லாம, மர்ட்சின்கோவ்ஸ்கிங்கறவரோட சேர்ந்து கருவிழிய வட்டமா வெட்டற ஒரு கருவி பண்ணாரு, உள்ள இருக்கற லென்ஸ்ல வெட்டு படாம. அதனால சாதா கண் டாக்டரும் கத்துக்கலாம்னு ஆச்சு. 1936ல அந்த இன்ஸ்டிட்யூட்டயும் ஆரம்பிச்சாரு. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் புடிச்சதே இந்த வாத்தியார் புத்திதான்.

உங்கள்ல யாராச்சும் அவர் பேரோட எங்கயாச்சும் மோதியிருந்தா எழுதுங்க.

வின்னித்சியா பையன்:

மோதினேன் அண்ணா, தலையே ஒடஞ்சுது. குழந்தைகள் வார்டு வைவா, அதான் வாய்மொழிப் பரீட்சை. தட்டம்மைல வாய்க்குள்ள கன்னத்துல வெள்ளப் புள்ளி வருமே, நம்ம ஊரு புக்ல கோப்ளிக் ஸ்பாட்ஸ், அங்க அதுல ஃபிலாத்தவ் பேரையும் சேத்து சொல்லுவாங்க. மேடம் யாருய்யா இந்த ஃபிலாத்தவ்னு கேட்டாங்க, நானும் கெத்தா ஒடேசா, கருவிழி, 1931னு அள்ளி விட்டேன். மேடம் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு என்னையே பாத்தாங்க. அது நீல் ஃபிலாத்தவாம், குழந்தை டாக்டர், நம்மாளோட அப்பா கூடப் பிறந்தவரு. பாஸ் போட்டுட்டாங்க, ஆனா செமஸ்டர் முடியற வரைக்கும் என்னப் பாத்தா "ஒடேசா எப்படி இருக்கு"ன்னுதான் கேப்பாங்க.

இன்னொரு மோதல் இடுப்புக்குக் கீழ. ரெண்டாவது வருஷம் குளிர்ல ஒடம்பு தேறவே மாட்டேங்குது, தெரிஞ்ச ஒரு பாட்டி கத்தாழை ஊசி போட்டுக்கோன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நம்ம ஊரு சோத்துக்கத்தாழை இனம்தான், இலைய வெட்டி இருட்டுலயும் குளிர்லயும் பல நாள் வச்சு எடுக்கற சாறு, ஃபார்மசில ஆம்பூல்ல கெடைக்கும். அய்யோ அந்த வலி! ரெண்டு நாள் ஒரு பக்கமாத்தான் உக்காந்தேன். அப்புறம் பாத்தா அதுவும் இவரு வேலைதான்!

ஒடேசா ரிட்டர்ன்:

@வின்னித்சியா பையன் ஹாஹா, அந்த ஊசி நானும் வாங்கிருக்கேன். அது அவரோட திசு சிகிச்சை, 1933ல ஆரம்பிச்சது. குளிர்ல வச்ச கருவிழி நல்லா ஒட்டுதுல்ல, அதப் பாத்துட்டு, குளிர்லயும் இருட்டுலயும் தவிக்கற திசு தன்னக் காப்பாத்திக்க ஏதோ ஒரு பொருள உண்டாக்குது, அத ஒடம்புக்குள்ள ஏத்துனா நோய் தீரும்னு ஒரு கொள்கை. செடிக்கும் அதே கணக்கு, அதான் கத்தாழை. சோவியத் பூரா ஓடுச்சு, மத்த நாட்டு மருத்துவம் ஏத்துக்கல. எனக்கும் அதுல நம்பிக்க இல்ல. குளிர்ல கண்ணு கெடாம இருந்தது நெசம், அதுல இருந்து அவரு தாவுன தாவுதான் ரொம்பத் தூரம். அவர் மேல இருக்கற மரியாதைக்காக இத மறைக்க வேண்டியதில்லன்னு நெனைக்கிறேன்.

சந்தேகசாமி:

குறுக்க வரேன். இவர உக்ரைன் விஞ்ஞானின்னு எப்படி சொல்றீங்க, பொறந்தது ரஷ்யா பென்ஸா பக்கம்தான?

ஒடேசா ரிட்டர்ன்:

பொறந்தது அங்கதான் சார். ஆனா 28 வயசுல ஒடேசா வந்தவரு போருக்காக தாஷ்கண்ட் போன வருஷங்கள் தவிர சாகற வரைக்கும் அங்கதான், 1939ல உக்ரைன் அகாடமி உறுப்பினர், பொதச்சதும் ஒடேசாலதான். ஒடேசாக்காரங்க கிட்ட இந்தக் கேள்வியக் கேட்டுப் பாருங்க, பதில் சத்தமா வரும்.

தியேட்டர் சிஸ்டர் (ரிட்டயர்டு):

தம்பிகளா, நீங்க கண்ணப் பத்தியே பேசறீங்க. எனக்கு அவரத் தெரிஞ்சது கழுத்து வழியா.

நான் வேலைக்குச் சேந்த புதுசு, 70கள் கடைசி, தீப்பட்ட ஒரு பொண்ணு வந்துச்சு, பதினெட்டு வயசிருக்கும். புண்ணு ஆறிப்போச்சு, ஆனா தோல் சுருங்கி தாடை நெஞ்சோட ஒட்டிக்கிச்சு, நிமிந்து பாக்க முடியாது, கஞ்சி ஊத்துனா ஓரமா வழியும். எங்க சீஃப் வயித்துல ரெண்டு கோடு கீறி நடுவுல இருக்கற தோலத் தூக்கி, ரெண்டு ஓரத்தையும் சேத்து உருட்டி தச்சுட்டாரு. பாக்க சூட்கேஸ் கைப்பிடி மாதிரியே இருக்கும், ரெண்டு முனையும் ஒடம்புலயே ஒட்டியிருக்கும், ரத்த ஓட்டம் அது வழியா. சும்மா தூக்கி விட்டா அடிப்பக்கம் பச்சப் புண்ணா இருந்து சீழ் புடிச்சிரும், உருட்டி தச்சா உள்பக்கம் மூடிக்கும். எவ்ளோ சின்ன விஷயம் பாருங்க!

மூணு வாரம் கழிச்சு ஒரு முனைய வெட்டி மணிக்கட்டுல தச்சாங்க. கை வயித்தோட கட்டுண்டு கெடக்கும். அது புடிச்சதும் வயித்துப் பக்கத்த வெட்டி, கையத் தூக்கி கழுத்துல தச்சாங்க, இப்ப கை தாடைக்குக் கீழ மாட்டிக்கிச்சு. தோல் நடந்தே போச்சுன்னு வச்சுக்கோங்க. அந்தப் பொண்ணுக்குத் தலை சீவி விடறதுல இருந்து எல்லாம் நாங்கதான், பேன் பாக்கறது ஒரு தனி வேல. நாலு மாசம் வார்டுலயே இருந்துச்சு. கடைசில நிமிந்து மொத மொத பாத்தது வார்டு ஃபேன, எவ்ளோ அழுக்குன்னு திட்டுச்சு!

சீஃப் அப்ப சொன்னாரு, இத ஒரு கண் டாக்டர் கண்டுபுடிச்சதுன்னு. நான் நம்பல. இங்கிலாந்துல கில்லிஸ்ங்கற டாக்டர்தான் கண்டுபுடிச்சாருன்னு எல்லா புக்லயும் இருக்கும்.

ஒடேசா ரிட்டர்ன்:

சிஸ்டர், உங்க சீஃப் சொன்னது சரி. 1916 செப்டம்பர் 9, ஒடேசா, கீழ் இமைல புத்துநோய் வந்த ஒருத்தருக்கு ஃபிலாத்தவ் பண்ணாரு, அதுக்கு முன்னாடி முயல்ல பண்ணிப் பாத்திருந்தாரு. கில்லிஸ் 1917ல போர்ல எரிஞ்ச ஒரு மாலுமிக்குப் பண்ணாரு. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது, உலகப்போர் நடுவுல ரஷ்யன்ல வந்தத யாரு படிக்கறது. அங்க எங்க புக்ல இதுக்குப் பேரே ஃபிலாத்தவ் ஸ்டெபெல், ஸ்டெபெல்னா செடியோட தண்டு.

கண் வங்கி அக்கா:

நானும் சொல்றேன். பதினாலு வருஷமா கண் எடுக்கப் போற டீம்ல இருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வரும், ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும், சாவு வீட்டுக்குள்ள பெட்டியோட போறது பழகவே பழகாது. எங்கம்மா சேர்ந்த காலத்துல (அவங்களும் இதே வேலதான்) முழுக் கண்ண எடுத்து கண்ணாடிக் குப்பில ஈரப் பஞ்சு மேல வச்சு ஃப்ரிட்ஜுல வப்பாங்களாம், ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள உபயோகிச்சிரணும். அதாவது ஃபிலாத்தவ் முறையேதான். இப்ப திரவம் வந்துருச்சு, ஒரு வகைல நாலு நாள், இன்னொன்னுல பதினாலு நாள் வரைக்கும் தாங்கும். ஆனா ஃப்ரிட்ஜு அதே நாலு டிகிரிதான் பா.

நம்ம மெட்ராஸ் எழும்பூர்ல 1945லயே கண் வங்கி வந்துருச்சு, இந்தியாலயே மொத, 1948ல டாக்டர் முத்தையா கருவிழி மாத்துனாரு. ஒடேசால நடந்து பதினேழு வருஷம்தான். ட்ரெயினிங்ல இத சொல்லுவாங்க, ஃபிலாத்தவ் பேர ஒரு வரில தாண்டிருவாங்க. உங்க பாட்டி கதைய அடுத்த பேட்ச்சுக்கு நான் சொல்லிக்கலாமா தம்பி?

ஒடேசா ரிட்டர்ன்:

தாராளமா சொல்லுங்க அக்கா. ஃபுட்பால் ஜோக்க விட்றாதீங்க.

சந்தேகசாமி:

அக்கா, எனக்கு 61 வயசு, சுகர் இருக்கு, புரை ஆபரேஷனும் ஆயிருச்சு, கண்ணாடியும் உண்டு. என் கண்ணு தேறுமா?

கண் வங்கி அக்கா:

தேறும் அண்ணா, நாங்க எடுக்கறது கருவிழிய, புரை உள்ள இருக்கற லென்ஸ்ல வர்றது. கையெழுத்து போட்டா மட்டும் பத்தாது, வீட்ல சொல்லி வையுங்க, அவங்கதான் ஃபோன் பண்ணணும். கண்ண மூடி மேல ஈரப் பஞ்சு, தலைக்கு ஒரு தலகாணி, ஃபேன் ஆஃப்.

சந்தேகசாமி:

ஏசி?

கண் வங்கி அக்கா:

ஓடட்டும்.