ஆடித் திருவிழாவும் தெருநாய்களும்: பகுதி சபையில் எதைக் கேட்பது?

தெற்குத்தெருவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் குடியிருக்கிறேன். வார்டு மக்கள் கூடித் தங்கள் கோரிக்கைகளை முன்வைக்கும் எங்கள் பகுதி சபைக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழாவுக்காகத் தெருவில் பந்தல் போட்டு மூன்று நாள் அன்னதானம் நடத்த மாநகராட்சியின் ஒத்துழைப்பைக் கோருவது ஒரு பொருள். தெருநாய்த் தொல்லை இன்னொரு பொருள். சென்ற ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் இரவு, பந்தலுக்குப் பின்னால் எச்சில் இலைகளைக் கொட்டியிருந்த இடத்தில் ஏழெட்டு நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட்ட இலையைப் போடப் போன என் அண்ணன் மகளுக்குக் கெண்டைக்காலில் கடி பட்டது. அதனால் விழாவுக்கு முன்பே நாய்கள் அனைத்தையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட வேண்டும் என்று தெருவில் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். குழந்தை அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனாலும் அந்த மனுவில் கையெழுத்திட மனம் ஒப்பவில்லை. சட்டத்துக்கு உட்பட்டு, உண்மையில் பலன் தரக்கூடியதாக எதைக் கேட்கலாம்?

முன்னாள் வார்டு உறுப்பினர்:

அந்த மனு மண்டல அலுவலகத்தைத் தாண்டாது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மாமன்றமே தீர்மானம் போட்டாலும் மத்திய அரசின் விதிக்கு மாறாக நாய்களை வேறிடத்தில் கொண்டுபோய் விட முடியாது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவும் இதையே சொல்கிறது. வெறிநோய் கண்ட நாய்களுக்கும் மூர்க்கமாகத் தாக்கும் நாய்களுக்கும் மட்டுமே அதில் விலக்கு உண்டு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களைப் பற்றி அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தனி உத்தரவு வந்தது. கோயில் தெரு அந்த வகையில் சேராது.

எனவே "நாய்களை அகற்றுக" என்று எழுதாமல், "எங்கள் வார்டில் கருத்தடை செய்யப்பட்ட நாய்கள் எத்தனை, செய்யப்படாதவை எத்தனை, பிடிக்கும் குழு எந்தத் தேதியில் வரும்" என்று எழுத்தில் கேளுங்கள். தேதி கேட்கும் மனுவுக்குத்தான் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். இது என் அனுபவம். நாய்களுக்கு உணவு வைக்க வார்டில் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் அந்த ஆகஸ்ட் உத்தரவில் உள்ளது. விளையாட்டுத் திடலுக்கும் பந்தலுக்கும் எட்டத்தில் அந்த இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

முதலில் ஒன்று: அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் போட்டீர்களா? கடி பட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதும், தவணை தவறாமல் ஊசி போடுவதும்தான் உயிரைக் காக்கும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். பெண் நாயின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 63 நாட்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது நான்கு நாட்களாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். ஆடியில் விழா என்றால் ஆனிக் கடைசியில் அவசரமாகக் குழுவை அழைப்பது வீண். சித்திரையிலேயே கேட்க வேண்டும். இருக்கும் நாய்களைத் துரத்திவிட்டால், தீனி கிடைக்கும் அந்த இடத்துக்கு வேறு நாய்கள் வந்து சேரும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது.

சென்னை மாநகராட்சி 1996-லேயே இந்தக் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஆயினும் 2018-இல் சுமார் 57,000 என்று கணக்கிடப்பட்ட தெருநாய்கள், 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.80 லட்சமாக இருந்தன. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்களுக்காவது கருத்தடை முடிய வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால் மீதமுள்ளவை போடும் குட்டிகளே அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே வார்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

வீட்டு நாய்களையும் விட்டுவிடக் கூடாது. கருத்தடை செய்யாமல் மாலையில் அவிழ்த்துவிடப்படும் வளர்ப்பு நாயும், சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் வைக்கப்படும் குட்டிகளும் இந்தக் கணக்கில்தான் சேருகின்றன. என் பணிக்காலத்தில் கண் திறக்காத குட்டிகளை எத்தனையோ முறை அப்படி எடுத்து வந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

கூழ்க்குழுச் செயலாளர் (வேறு ஊர்):

எங்கள் ஊரிலும் எச்சில் இலைதான் காரணமாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் அடியில் இலைகளைக் குவிப்போம். மறுநாள் காலையில்தான் வண்டி வரும். இப்போது பந்தி முடிந்த ஒவ்வொரு முறையும் இலைகளை மூடியுள்ள டிரம்மில் போட்டு, இரவு பத்து மணிக்குள் பேட்டரி வண்டியில் ஏற்றிவிடுகிறோம். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அதைச் சொல்லித்தான் இரவு வண்டியைக் கேட்டு வாங்கினோம். பகுதி சபையில் இரண்டையும் தனித்தனிப் பொருளாக விடாதீர்கள். பந்தலுக்கான கோரிக்கையிலேயே இரவு வண்டியையும் சேர்த்து எழுதுங்கள்.

தெற்குத்தெருவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா, அவளுக்கு எல்லாத் தவணைகளும் போட்டாகிவிட்டன, நலமாக இருக்கிறாள். மனுவைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டோம். கருத்தடை செய்த நாய்க்குக் காது மடலில் வெட்டு அடையாளம் இருக்கும் என்பதால், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான்கு தெருக்களிலும் நடந்து எண்ணப் போகிறோம். கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களில் இருவர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.